வளைவு இல்லாத ஊர்

பாத்து தம்பி, காலை மட்டும் அதுமேல வச்சிராதீங்க. ஜன்னலோரம் வேணும்னா நீங்க உக்காந்துக்கிடுங்க, எனக்கு ஒண்ணுமில்ல. அந்தப் பெட்டி மட்டும் நடுவுல இருக்கட்டும். ஆமா, கம்ப்யூட்டர்தான். பெட்ஷீட்ல சுத்தி, அதுக்கு மேல சாக்கு போட்டுக் கட்டியிருக்கேன். குலுங்கக் கூடாதாம்லா. கண்டக்டர் என்னதுன்னு கேட்டான். உள்ள ஒரு ஊரு இருக்குன்னேன். என் மூஞ்சியையே பாத்தான். பொறவு லக்கேஜ் டிக்கெட் கிழிச்சுக் குடுத்துட்டுப் பேசாமப் போயிட்டான்.

கோவில்பட்டிக்குத்தான் போறேன். மருமகளைப் பாக்க. அவ அங்க அண்ணன் வீட்டுல இருக்கா. பேத்தியும் அங்கதான். பேத்திய அங்கயே பள்ளிக்கூடத்துல சேக்கப் போறாங்களாம், ஜூன் மாசம். சேத்துட்டா அம்புட்டுத்தான், அவ திரும்பி வர மாட்டா. அதுக்கு முன்ன போயி பேசிரணும். பேசிக் கூட்டிட்டு வந்திரணும். வேற யாரு இருக்கா எனக்கு, சொல்லுங்க.

நீங்களே ஒரு நியாயம் சொல்லுங்க தம்பி. வெளியாள் சொன்னாத்தான் சரியா இருக்கும். சொந்தக்காரன்கிட்டக் கேட்டா ஆளுக்கொரு பக்கம் சாயுதான். என்ன தப்பு நடந்துச்சுன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குப் புரியல. அவ ஒரு வேலை சொன்னா. நான் அதைச் செஞ்சேன். ஒருநாள் விடாமச் செஞ்சேன். அதுக்குப் போயி வீட்டை விட்டுப் போயிட்டா.

என் பேரு ஆவுடையப்பன். நகராட்சியில நகரமைப்புப் பிரிவுல இருந்து ரிட்டயர் ஆனவன். எந்த ஊர் நகராட்சின்னு கேக்காதீங்க, அங்க இன்னும் என் பேரைச் சொன்னாக் கடைக்காரன் ஷட்டரை இறக்கிருவான். சிரிக்காதீங்க, நெசமாத்தான். ரோட்டு எல்லைக்கு வெளிய ஒரு வாசப்படி நீட்டிக்கிட்டு இருந்தாப் போதும். சிவப்புப் பெயிண்ட்டால நான் கோடு போட்டேன்னா அது போனதுதான். எவன் அழுதாலும் சரி, எவன் ஆளை விட்டுப் பேசினாலும் சரி. கோடுன்னா கோடு. சர்வீஸ் பூரா அப்படித்தான் இருந்தேன்.

எனக்கு ஒரே பையன். நம்பிராஜன்னு பேரு, நம்பி நம்பின்னு கூப்பிடுவோம். ஒரு கம்பெனியில கணக்கு பாத்துக்கிட்டு இருந்தான். சாயங்காலம் வருவான், காபியக் குடிப்பான், நேரா ரூமுக்குள்ள போயி இந்தப் பெட்டி முன்னால உக்காந்திருவான். ஊரு கட்டுதானாம். நீங்க கேள்விப்பட்டிருப்பீங்க, அப்படி ஒரு விளையாட்டு இருக்கு. வெறும் நெலத்தைக் குடுத்துருவான். நீங்க ரோடு போடணும், கரண்டு குடுக்கணும், தண்ணிக்குழாய், சாக்கடை எல்லாம் இழுக்கணும். மனை ஒதுக்கினீங்கன்னா ஆளுக தானா வந்து வீடு கட்டிக்கிடுவாங்க. வசதி சரியில்லைன்னா காலி பண்ணிட்டு அவங்க பாட்டுக்குப் போயிருவாங்க.

கழுதை வயசாச்சே, ஒரு பிள்ளைக்குத் தகப்பன், இவனுக்கு என்ன விளையாட்டுன்னு எனக்கு எரிச்சலா வரும். ஏல, நம்ம தெருச் சாக்கடை அடைச்சு நாறிக் கிடக்கு, நீ பெட்டிக்குள்ள சாக்கடை கட்டுதியான்னு கேப்பேன். சிரிப்பான். அப்பா, ஒரு தடவை வந்து பாருங்களேன், நீங்க பாத்த உத்யோகம்தானே இதுன்னு கூப்பிடுவான். முதல்ல ரூல்படி கட்டு, பொறவு வந்து பாக்கேன்னு சொல்லிருவேன். அதுக்கும் சிரிப்பான். அவங்கம்மா சாயல் அவனுக்கு. எதுக்கும் கோவம் வராது.

போன வருஷம் மாசியில போயிட்டான்.

ஆமா தம்பி. வண்டியிலதான். ஆபீஸ் விட்டு வீட்டுக்கு வந்துக்கிட்டு இருந்தான். கால்வாய்க்கரையில ரோடு ஒரு வளைவு வளையும். அந்த இடத்துல எதுக்க வாரது கண்ணுக்குத் தெரியாது. லாரிக்காரனுக்கும் தெரியல, இவனுக்கும் தெரியல. அந்த வளைவைத் தாண்டினா வீடுதான். அடுப்புல தோசை சுட்டுக்கிட்டு இருந்தா அவன் பொண்டாட்டி. சரி, அதை விடுங்க.

செண்பகவல்லின்னு பேரு மருமகளுக்கு. செண்பான்னு கூப்பிடுவோம். டீச்சரா இருக்கா. பதினாறு முடிஞ்சு சொந்தக்காரங்க எல்லாம் போன பொறவு, அவ தினம் சாயங்காலம் அவன் உக்காந்த நாற்காலியில போயி உக்காந்துக்கிடுவா. பெட்டியப் போடுவா. அந்த ஊரு வரும். ஒண்ணும் கட்ட மாட்டா பாத்துக்கிடுங்க. ஒரு செங்கல் வைக்க மாட்டா. சும்மா ஊரைச் சுத்திச் சுத்திப் பாத்துக்கிட்டே இருப்பா. ஆதிரை, அதான் என் பேத்தி, மடியில உக்காந்திருக்கும். அழுதாக்கூடத் தேவலைன்னு இருக்கும் எனக்கு. நான் கதவுகிட்ட வந்து நிப்பேன், என்ன பேசன்னு தெரியாமத் திரும்பிருவேன்.

பொறவு அவளுக்கு லீவு முடிஞ்சுது. பள்ளிக்கூடம் போக ஆரம்பிச்சா. போன இடத்துல டியூஷனும் எடுக்கச் சொல்லிட்டாங்க. சாயங்காலம் வரும்போதே அலுத்துப் போயி வருவா. பெட்டிப் பக்கமே போறதில்ல. அலுப்புதான்னு நான் நெனைச்சேன். பாக்கப் பாக்கத் தாங்கல மாமா, திதி அன்னைக்குப் பாத்துக்கிடுதேன்னு அவளே ஒருநாள் சொன்னா. நான் பகல் பூரா தனியா மோட்டுவளையப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கதைப் பாத்து அவளுக்கு மனசு கேக்கல. ஒரு ஞாயித்துக்கிழமை என்னைக் கூப்பிட்டு அந்த நாற்காலியில உக்கார வச்சா. எப்படித் திறக்கது, எப்படி ஊரைத் திருப்பிப் பாக்கதுன்னு காமிச்சுக் குடுத்தா. வேணும்னா நீங்களும் பாருங்க மாமான்னா.

எல்லாம் காமிச்சுட்டு, எந்திரிக்கும்போது சொன்னா. "இது அவுக கட்டுன ஊரு மாமா. இதை மட்டும் சேவ் பண்ணி வச்சிருங்க."

இந்த வார்த்தைதான் தம்பி. இதே வார்த்தை. நான் ஒண்ணும் கூட்டல, குறைக்கல. சேவ் பண்ணுத பட்டன் எங்க இருக்குன்னு கேட்டேன். ஒரு மாதிரியா என்னைப் பாத்துட்டு, இந்தா இதுதான்னு தொட்டுக் காமிச்சா. நான் மனசுல பதிச்சுக்கிட்டேன்.

மறுநாள் அவ பள்ளிக்கூடம் போன பொறவு கண்ணாடியப் போட்டுக்கிட்டு உக்காந்தேன். பெத்த பிள்ளை கட்டுன ஊரு, பாக்கணும்லா. பாத்தேன். ஊராய்யா அது? முப்பத்தஞ்சு வருஷம் நகரமைப்புல இருந்தவன் மகன் கட்டுன ஊரா அது? பாருங்க, ஊருக்கு வெளிய, வீடு வாசல் ஒண்ணு கிடையாது, பொட்டக்காடு, அங்க ஒரு பஸ் ஸ்டாப். பேரு வச்சிருக்கான், செண்பா ஸ்டாப்னு. அவங்க ரெண்டு பேரும் காலேஜ் போகையில ஏதோ பஸ் ஸ்டாப்ல பாத்துப் பழகினவங்க, காதல் கல்யாணம்தான். இருக்கட்டும், நான் தடுக்கலையே. ஆனா அதுக்காகப் பொட்டக்காட்டுக்கு பஸ் விடுவாங்களா? ஏற ஆள் இல்ல, இறங்க ஆள் இல்ல. டீசல் யாரு ஊத்துவா?

ஊரு நடு மையத்துல ஒரு பார்க். நாலு மரம், ஒரு பெஞ்சு. அம்மா பூங்கான்னு பேரு. என் பொஞ்சாதி போயிச் சேந்து ரொம்ப வருஷம் ஆச்சு. எனக்கு மட்டும் பாசம் இல்லையா? ஆனா கடைவீதி இடத்தை ஒரு பெஞ்சுக்கா குடுக்கது? பள்ளிக்கூடத்தைக் கொண்டுபோயி ஒரு வீட்டுக்குப் பக்கத்துச் செவுருல வச்சிருக்கான், ஆதி ஸ்கூலாம். நகராட்சி ஆபீஸுக்கு எதுத்தாப்புல ஒரு வீடு. அதுக்குப் பேரு அப்பா வீடு. எந்திரிச்சு நடந்தா ஆபீஸ். பெரியவர் வெயில்ல அலைய வேண்டாம்னு நெனைச்சிருக்கான் போல. ஆனா ஆபீஸுக்கு வாரவன் வண்டிய எங்க நிறுத்துவான்? அதை எடுத்துட்டு பார்க்கிங் போட்டேன். என் பேர்ல இருந்தா மட்டும் விட்டுருவேனா? அந்தப் பழக்கமே எனக்கு இல்ல.

பேரெல்லாம் மாத்தினேன். தனி ஆள் பேரைத் தெருவுக்கு வைக்கணும்னா மன்றத் தீர்மானம் வேணும், அரசாணை இருக்கு. இஷ்டத்துக்கு வைக்க முடியாது. முதல் வார்டு, ரெண்டாம் குறுக்குத் தெரு, வடக்குப் பிரதான சாலை. இப்படி வச்சாத்தான் தபால்காரனுக்கும் லேசு, ஆம்புலன்ஸ்காரனுக்கும் லேசு.

எல்லாத்துக்கும் மேல வளைவு தம்பி. அந்த ஊர்ல நேரா ஒரு ரோடு கிடையாது. ஒரு மரம் நின்னா ரோடு ஒதுங்கிப் போகுது. ஆறு வளைஞ்சா இவனும் கூடவே வளைஞ்சு போறான். பாக்க அழகாத்தான் இருக்கு, இல்லைங்கல. அழகுக்கா ரோடு போடுதோம்? ஒரு இடத்துல வாய்க்காக் கரையோரமா ரோடு அப்படியே சுத்தி வளைஞ்சு வருது. வளைவு முடியுத இடத்துல ஒரு வீடு. மாடி வச்ச சின்ன வீடு, வாசல்ல பூச்செடி. எங்க வீடுன்னு பேரு போட்டிருக்கான். அந்த வளைவைத் திருப்பித் திருப்பிப் பாத்தேன். மேல இருந்து பாத்தாத் தெரியுது, ஒரு பக்கம் வாரவனுக்கு மறுபக்கம் வாரவன் தெரியவே மாட்டான். சின்னச் சின்ன வண்டியா அதுல போயிக்கிட்டே இருக்கு. ஒண்ணுபின்னால ஒண்ணா. இவங்களுக்கு ஒருத்தனும் சொல்ல மாட்டானான்னு இருந்துச்சு எனக்கு.

அன்னைக்கே எடுத்துட்டேன். அந்த வளைவைத்தான் முதல்ல எடுத்தேன். நேரா ஒரே கோடு. வீடு ரோட்டு எல்லைக்குள்ள வந்துச்சு, அதையும் எடுக்க வேண்டியதாப் போச்சு. வீட்டை விட்டு ஒதுங்கிப் போகணும்னா ரோடு வளையணும்லா. வளையவே கூடாதுன்னுதான் எடுக்கேன், பொறவு எப்படி ஒதுங்கது?

அதுக்குப் பொறவு எனக்கு நேரம் போனதே தெரியல. காலையில அவங்க ரெண்டு பேரும் கிளம்பினதும் உக்காருவேன். சாப்பாடு ஆறிப் போயிக் கிடக்கும். ஒவ்வொரு வார்டா எடுத்து நேராக்கினேன். ஆளுக கூடிக்கிட்டே வந்தாங்க. மாடி வீடெல்லாம் எந்திரிச்சுது. ரோட்டுல நெரிசல் இருந்தாச் சிவப்பாக் காட்டும், நல்லா ஓடினாப் பச்சையாக் காட்டும். நான் போனப்போ ஊரு பூரா சிவப்பு. கடைசியில ஒரு இடம் பாக்கியில்லாமப் பச்சை. என் சர்வீஸ்ல எந்த ஊரையும் அப்படி ஆக்கினதில்ல தம்பி. யாரும் குறுக்க வரல, கோர்ட்டுக்குப் போகல, ஸ்டே வாங்கல. தினம் எந்திரிக்க முன்ன மறக்காம அந்தப் பட்டனை அமுக்குவேன். சேவ். அவ சொன்ன மாதிரி.

அவ அப்பப்பக் கேப்பா, மாமா ஊரைப் பாக்கீங்களான்னு. பாக்கேம்மான்னு சொல்லுவேன். சேவ் பண்ணுதீங்களான்னு கேப்பா. பண்ணாம எந்திரிக்கிறதே இல்லம்மான்னு சொல்லுவேன். அவளுக்கு முகம் கொஞ்சம் தெளியும். நான் ஏதோ அவளுக்கு ஒத்தாசையா இருக்கேன்னு எனக்கும் ஒரு நிம்மதி. வேலை முழுசா முடியட்டும், ஒரேயடியாக் காமிப்போம்னு இருந்தேன். புதுசா ஒரு ரோடு திறக்கும்போது முழுசா முடிச்சு வச்சுத்தானே திறப்போம், அந்த மாதிரி.

இந்த மாசியில வருஷத் திதி வந்துச்சு. ஐயர் வந்து எல்லாம் முடிஞ்சு, வந்தவங்க சாப்பிட்டுக் கிளம்பினாங்க. அவ ஈரத்தலையோட வந்து நாற்காலியில உக்காந்தா. பிள்ளைய மடியில வச்சுக்கிட்டா. அப்பா ஊரைப் பாப்போமா ஆதின்னா. நான் பின்னால நின்னேன். எனக்குள்ள ஒரு சந்தோஷம், மறைக்காமச் சொல்லுதேன். அவனே இருந்து பாத்தாலும் அசந்து போயிருப்பான்னு நெனைச்சுக்கிட்டு நின்னேன்.

ஊரு வந்துச்சு. அவ தப்பாத் திறந்துட்டோம் போலன்னு மூடினா. திரும்பத் திறந்தா. அதே ஊருதான் வந்துச்சு. பைய நகத்தி நகத்திப் பாத்தா. மேக்க போனா, கெழக்க போனா. எதையோ தொலைச்சவ மாதிரி தேடுதா. பிள்ளை, அம்மா என் ஸ்கூல் எங்கன்னு கேட்டுது. அவ இன்னும் நகத்தினா. பொறவு என்னைத் திரும்பிப் பாக்காமலே கேட்டா.

"பஸ் ஸ்டாப் எங்க மாமா?"

அங்க ஏறுதவங்க யாரும் இல்லம்மா, அதனால ரெண்டாம் வார்டுக்கு மாத்தியாச்சுன்னேன். பூங்கா எங்கன்னா. வணிக வளாகத்துக்கு எடுத்தாச்சுன்னேன். எல்லாத்துக்கும் எனக்குப் பதில் இருந்துச்சு தம்பி. ஒவ்வொண்ணுக்கும் காரணத்தோட சொன்னேன். அவ கை அந்த வாய்க்காக் கரைக்கு வந்து நின்னுட்டு. அங்க நேரா ரோடு போகுது. ரெண்டு பக்கமும் விளக்கு போட்டிருந்தேன்.

"எங்க வீடு?"

ரோட்டு எல்லையில வந்துச்சும்மான்னேன். பழசு வேற எங்கயும் இருக்கான்னு கேட்டா. எந்தப் பழசும்மா, ஒரே பேர்லதான் தினமும் சேவ் பண்ணினேன், ஒருநாள் தவறலன்னேன்.

"சேவ் பண்ணி வைக்கச் சொன்னேன் மாமா."

"அதைத்தானேம்மா பண்ணினேன்."

அதுக்குப் பொறவு என்கிட்ட அவ பேசின பேச்சு இல்ல. கத்தியிருந்தா, நாலு வார்த்தை கேட்டிருந்தா நானும் பேசியிருப்பேன். பெட்டிய அமத்திட்டு எந்திரிச்சுப் போயிட்டா. ராத்திரி எனக்குச் சோறு எடுத்து வச்சா, மோர் ஊத்தினா, எல்லாம் செஞ்சா. மறுநாள் அவ அண்ணன் கருத்தப்பாண்டி வந்தான். கொஞ்ச நாள் இருந்துட்டு வரட்டும் மாமான்னான். ஆதிரை மட்டும் வாசல்ல நின்னு, தாத்தா நீங்க ஏன் அப்பா ஊரை அழிச்சீங்கன்னு கேட்டுது. அழிக்கல தாயி, நல்லா ஆக்கியிருக்கேன்னு சொன்னேன். அது சின்னப்பிள்ளை. அதுக்குச் சொல்லிக் குடுக்காம எப்படித் தெரியும்?

நீங்க என்ன நெனைக்கீங்க? பழசை மீட்கலாமா? கடையில குடுத்துப் பாத்தாச்சு தம்பி. ஒண்ணும் இல்லையாம். மேல மேல எழுதியிருக்காம்.

சரி. மிச்சத்தையும் கேளுங்க. இது கயத்தாறுதான், இன்னும் நேரம் இருக்கு.

அவங்க போன பொறவு வீடு ஓன்னு கிடந்துச்சு. பெட்டி முன்னால உக்காந்தாலும் செய்ய வேலை இல்ல. எல்லாம் பச்சை. அதுவரைக்கும் நான் மேல இருந்தேதான் பாத்துப் பழகிட்டேன், வரைபடம் பாக்க மாதிரி. கோடு போடும்போது ஊரை நிறுத்தி வச்சுத்தான் போடுவேன், குறுக்க ஒருத்தன் நடக்கக் கூடாது எனக்கு. கட்டி முடிச்சுட்டுக் கொஞ்சமா ஓட விட்டுப் பாத்துட்டுத் திரும்ப நிறுத்திருவேன். ஆளுகளைப் பாத்ததே இல்ல. வேலை இல்லாமப் போகவும், சரி கீழ இறங்கித்தான் பாப்போமேன்னு இறக்கிக்கிட்டே போனேன். தெரு தெரிஞ்சுது. கடை தெரிஞ்சுது. ஆளுக நடக்காங்க, குடை பிடிச்சிருக்காங்க, நாயைக் கூட்டிட்டுப் போறாங்க. ஒரு ஆளைத் தொட்டா அவன் பேரு வருது. எங்க வேலை, எங்க வீடுன்னு காட்டுது. எல்லாம் வெள்ளைக்காரன் பேரு. நானும் சும்மா ஒவ்வொருத்தனாத் தொட்டுக்கிட்டே வந்தேன். சிக்னல்ல ஒருத்தன் நின்னுக்கிட்டு இருந்தான். தொட்டேன்.

நம்பின்னு வந்துச்சு.

என் பிள்ளை வச்ச பேருதான் தம்பி. அந்த வளைவு வீட்டுல தன் பேர்ல ஒருத்தனைக் குடி வச்சிருக்கான். நான் வீட்டை எடுத்ததும் அவன் ஊரை விட்டுப் போகாம, நாலாம் வார்டுல நான் கட்டுன மாடி வீட்டுக்குக் குடி போயிருக்கான். செண்பா பேரும் இருக்கும், பிள்ளை பேரும் இருக்கும்னு அந்த வீட்டைத் தொட்டுப் பாத்தேன். இல்ல. ஊரு பூரா தேடினேன். வீடு எடுக்கும்போது ஊரை விட்டுப் போனவங்கன்னு ஒரு எண்ணிக்கை காட்டும், அதுல போயிருப்பாங்க போல. இவன் மட்டும் இருக்கான். விளையாட்டுதானே, அது அப்படித்தான்.

அன்னையில இருந்து வேற வேலை பாக்கல நான். அவன் கூடவே போவேன். ஒரு ஆளைப் பிடிச்சுக்கிட்டா அவன் பின்னாலயே போயிக்கிட்டு இருக்கலாம். காலையில வீட்டை விட்டு இறங்குதான். வண்டி எடுக்கான். என் ரோட்டுலதான் போறான். நேரா, ஒரு திருப்பம் இல்லாம, எதுக்க வாரது அந்தக் கடைசி வரைக்கும் தெரியும். ஆபீஸ் போறான். சாயங்காலம் இறங்குதான். அவன் வீட்டுக்கு வந்து சேருத வரைக்கும் எனக்கு உயிர் கையில இருக்காது. வந்துருவான். தினம் வந்துருவான். ஒருநாள்கூட வராம இருந்ததில்ல தம்பி. வாசல்ல அவன் வந்து நிக்கும்போது என்னையறியாம, வந்துட்டியாலேன்னு வாய் விட்டுச் சொல்லிருவேன்.

சந்தோஷம் தாங்காம செண்பாவுக்கு போன் போட்டேன். எப்பவும் எடுத்துப் பிள்ளைகிட்டக் குடுத்துருவா, அன்னைக்கு அவளே ஹலோன்னா. அம்மா, நம்பி ஆபீஸ் விட்டு வந்துட்டாம்மான்னு சொன்னேன். போன் கட்டாயிட்டு. கருத்தப்பாண்டி கூப்பிட்டான். மாமா, பாளையங்கோட்டையில நல்ல டாக்டர் இருக்காரு, நான் வந்து கூட்டிட்டுப் போறேன்னான். எனக்குக் கோட்டி பிடிச்சிருச்சு, மூளை கலங்கிருச்சுன்னு நெனைச்சுட்டாங்க. எனக்கு எதுக்குக் கோட்டி? இருக்கதைத்தானே சொன்னேன்.

இதெல்லாம்கூடச் சரி. நேத்து ஒண்ணு நடந்துச்சு. அதனாலதான் யார்கிட்டயும் சொல்லாமக் கிளம்பி வாரேன்.

அந்த ஊர்ல காலம் நம்ம ஊரு மாதிரி ஓடாது தம்பி. அவன் ஒரு நடை ஆபீஸ் போயிட்டு வாரதுக்குள்ள அங்க வாரக்கணக்கா ஓடிரும். நான் முன்ன நிறுத்தி நிறுத்தி வேலை பாத்ததால தெரியல. இப்ப அவன் பின்னால போகணும்னு நாள்பூரா ஓட விட்டேன்லா. நேத்து அவன் நடை ஒரு மாதிரியா இருந்துச்சு. குனிஞ்சு, பைய வாரான். கிட்டப் போயிப் பாத்தேன். தலை பூரா வெள்ளை. தொட்டா, பேருக்குக் கீழ சீனியர்னு போட்டிருக்கு. பெத்த பிள்ளைக்கு நரை விழுந்து பாக்க எந்தத் தகப்பனுக்குக் குடுத்து வைக்கும் சொல்லுங்க. நான் பாத்தேன். என்னைவிடக் கிழவனா ஆயிட்டான் என் பிள்ளை.

அழுதுட்டேன் தம்பி. அவன் போன அன்னைக்குக்கூட நான் அப்படி அழல.

அடுத்து என்னன்னு எனக்குத் தெரியும். அந்த ஊர்ல கிழடு ஆனவங்க எல்லாருக்கும் அதுதான். ஒருநாள் கறுப்பு வண்டி வந்து வாசல்ல நிக்கும். மயானத்துக்கு இடம் பாத்து ஒதுக்கினவன் நான்தான். நல்ல இடம், ரோடு நேரா போகுது, வண்டி தாமதமில்லாம வந்திரும்.

அவன் ஆபீஸ் விட்டு வந்தான். வண்டிய விட்டு இறங்கினான். வாசல்ல வந்து நின்னான். நான் நிறுத்திட்டேன். அப்படியே அமுக்கி ஊரையே நிறுத்தி, சேவ் பண்ணிப் பெட்டிய அமத்திட்டேன். இப்ப வாசல்லதான் நிக்கான். இன்னும் ஒரு எட்டு வச்சா வீட்டுக்குள்ள போயிருவான். ஆனா அந்த ஒரு எட்டுக்கு ஊரு ஓடணும். ஓடினா அவனுக்கு வயசு ஏறும். நிறுத்தியே வச்சா அவன் இருப்பான். ஆனா வாசல்லயே நிப்பான்.

உள்ள விடணுமா, நிக்க விடணுமா? ராத்திரி பூரா யோசிச்சுப் பாத்தேன். எனக்குத் தெரியல. எந்த ரூல்லயும் அது இல்ல. நான் கை வைக்க மாட்டேன் தம்பி. அவ வந்து உக்காந்து பாக்கட்டும். அவ என்ன சொல்லுதாளோ அதைச் செய்யணும். வீடுதாம்மா போச்சு, ஆளு இருக்கான், பாருன்னு சொல்லணும். பாத்தான்னா என்கிட்டப் பேசுவா. பேசினாப் போதும், பொறவு வீட்டுக்கு வாரதைப் பேசிக்கிடலாம்.

இந்தா, ஊரு வந்துட்டு போலிருக்கே. ஒரு கை பிடிங்க தம்பி, பைய.

ஒண்ணே ஒண்ணு மட்டும்தான் எனக்கு இடிக்கு. அவளை எனக்குத் தெரியும். அவ ரோட்டைப் பாக்க மாட்டா, மாடியப் பாக்க மாட்டா. நிக்கவனைக் கொஞ்ச நேரம் பாத்துட்டு, அந்த வீட்டைத் தொட்டுப் பாப்பா. பொறவு, "அவுக கூட உள்ள யாரு இருக்கா மாமா?"ன்னு கேப்பா.

அதுக்கு நான் என்ன சொல்ல, தம்பி?